ஈரக் காட்டில் நடந்தவர் செய்த காலணி: எல்.எல்.பீன் பூட்ஸ்

மழைநீரும் சேறும் உருகும் பனியும் கலந்து கிடக்கும் நிலத்தில் காலை நனையாமல் காப்பதே ஒரு காலணியின் முதல் வேலை என்று வைத்துக்கொண்டால், எல்.எல்.பீன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் எட்டங்குல உயர பூட்ஸை விஞ்சக்கூடிய ஒன்றை நான் இதுவரை அணிந்ததில்லை. பாதத்தை முழுவதும் மூடும் ரப்பர், அதற்கு மேல் கணுக்காலைச் சுற்றி ஏறும் தோல், இரண்டையும் பிணைக்கும் தையல் வரிசைகள் என்று இதன் அமைப்பை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அதில் உள்ள நன்மைகளும் குறைகளும் எங்கிருந்து வந்தன என்று புரிந்துகொள்ள வேண்டுமானால், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொண்ணூற்று நான்கு வயது வரை வாழ்ந்து, வேட்டையும் மீன்பிடிப்பும் வியாபாரமுமாகவே அந்த வாழ்நாளைச் செலவிட்ட லியோன் லியோன்வுட் பீன் என்ற மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய கால்கள் எந்தக் காட்டில், எந்தப் பருவத்தில் நடந்தனவோ, அந்தக் காட்டுக்கும் அந்தப் பருவத்துக்கும் செய்யப்பட்ட காலணி இது. அதை மறந்துவிட்டு வாங்குபவர்கள்தான் பெரும்பாலும் ஏமாற்றமடைகிறார்கள் என்பது என் எண்ணம்.

பீன் 1872ஆம் ஆண்டு மெய்ன் மாநிலத்தின் கிரீன்வுட் என்ற சிற்றூரில் பிறந்தார். பன்னிரண்டு வயதில், சில நாள் இடைவெளியில் தாயையும் தந்தையையும் இழந்து, உடன்பிறந்தவர்களோடு உறவினர் வீட்டில் வளர்ந்தார். சிறு வயதிலேயே பொறி வைத்து விலங்கு பிடிக்கக் கற்றவர். பதின்மூன்று வயதில் தாம் வேட்டையாடிய முதல் மானை, வெறுங்கையோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த வேட்டைக்காரர்களுக்கு விற்றுக் காசாக்கினார் என்பது அவரே பிற்காலத்தில் விரும்பிச் சொன்ன செய்தி. காட்டில் கிடைப்பதைக் கடைக்குக் கொண்டுவரும் கண் அந்த வயதிலேயே அவருக்கு இருந்திருக்கிறது. எனினும் நாற்பது வயதுக்கு அருகில் வரும் வரை அவர் சகோதரரோடு சேர்ந்து அதே மாநிலத்தின் ஃப்ரீபோர்ட் ஊரில் துணிக்கடை நடத்திய ஒரு சாதாரண வணிகர்தான். பெயர் சொல்லும்படியாக எதையும் அதுவரை செய்திருக்கவில்லை.

மெய்ன் காடுகளில் இலையுதிர்கால வேட்டை என்பது உலர்ந்த தரையில் நடப்பதன்று. அழுகிய இலைகளுக்கு அடியில் நீர் தேங்கி நிற்கும்; ஓடைகளும் சதுப்புகளும் குறுக்கிடும்; நவம்பரில் பனி விழுந்து, பகலில் கரைந்து, இரவில் மீண்டும் இறுகும். அன்று கிடைத்த முழுத்தோல் பூட்ஸ்கள் நீரைக் குடித்துக் கனத்துப்போகும். முழு ரப்பர் காலணிகளோ நனையாவிட்டாலும் கணுக்காலைப் பிடிக்காமல் தொளதொளவென்று இருக்கும். ஒவ்வொரு வேட்டையிலிருந்தும் ஈரக் காலோடு திரும்பி அலுத்துப்போன பீன், ரப்பர் மேலுறைக் காலணியின் அடிப்பாகத்தோடு இலகுவான தோலை மேலே வைத்துத் தைத்துத் தருமாறு உள்ளூர்ச் செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கேட்டார். முதல் ஜோடி அப்படித்தான் உருவாயிற்று. தாம் அணிந்து நடந்து பார்த்து, நண்பர்களுக்கும் கொடுத்துப் பார்த்த பிறகே, 1912இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

அவர் விற்ற முறையும் நினைவுகூரத் தக்கது. வெளி மாநிலங்களிலிருந்து வந்து மெய்னில் வேட்டை உரிமம் பெற்றவர்களின் பட்டியலைத் தேடி எடுத்து, அவர்களுக்கு ஒரு துண்டறிக்கையை அஞ்சலில் அனுப்பினார். காலுக்குப் பொருத்தமான உடை இல்லாதவன் மானையோ மூஸ் என்னும் பெருமானையோ வேட்டையாடி வெற்றி காண முடியாது என்றும், மெய்ன் காடுகளில் பதினெட்டு ஆண்டுகள் நடந்த ஒரு வேட்டைக்காரன் வடிவமைத்த காலணி இது என்றும் அதில் எழுதினார். விலை மூன்றரை டாலர். திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ். எந்தப் பொருளை யார் வாங்குவார், அவர் எங்கே இருக்கிறார் என்பதை இவ்வளவு துல்லியமாகக் கணித்து ஒரு சிற்றூர்க் கடைக்காரர் தொழில் தொடங்கியதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. அடுத்த ஆண்டே, அதாவது 1913 ஜனவரியில், அமெரிக்க அஞ்சல் துறை பார்சல் சேவையைத் தொடங்கியது அவருக்குக் கூடுதல் கைகொடுத்தது. பின்னர் அவருடைய பட்டறை அஞ்சலகத்துக்கு மேல்மாடியில் அமைந்தது. அந்த அஞ்சலகத்தின் தலைவராக இருந்தவர் அவருடைய சகோதரர்.

முதலில் விற்ற நூறு ஜோடிகளில் தொண்ணூறு திரும்பி வந்தன. மென்மையான ரப்பர், தையலின் இழுப்பைத் தாங்காமல் தோலிலிருந்து கிழிந்து பிரிந்துவிட்டது. பீன் கொடுத்த வாக்குப்படி ஒவ்வொருவருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பினார். கடன் வாங்கிக்கொண்டு போஸ்டனுக்குப் போய், யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் கம்பெனியிடம் பேசி, இலேசாகவும் அதே சமயம் தையலைத் தாங்கும் வலிமையோடும் அடிப்பாகங்களைச் செய்து தரச் செய்தார். அந்தத் திருத்தத்தின் பலனைத்தான் இன்று இந்த பூட்ஸை வாங்குபவர் காலில் போட்டுக்கொள்கிறார். நான் ஒரு ஜோடியைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது ரப்பரும் தோலும் சேரும் அந்த விளிம்பைத்தான். காலணியின் முன்புறத்தில் தோல் ரப்பரின் மேல் படிந்து, இணையாக ஓடும் தையல் வரிசைகளால் இறுகியிருக்கும். ஒவ்வொரு தையலும் ஒரே நீளம், ஒரே இழுப்பு. நடக்கும்போது மடியும் இடத்துக்குச் சற்றே மேலே அந்தத் தையல் அமைந்திருப்பதைக் கவனித்துப் பாருங்கள். வளைவின் அழுத்தம் முழுவதும் ரப்பரின் மீது விழுகிறதே தவிர நூலின் மீது விழுவதில்லை. இன்றும் இவற்றை மெய்ன் மாநிலத்திலேயே, பிரன்ஸ்விக், லூயிஸ்டன் ஆகிய ஊர்களில் உள்ள ஆலைகளில், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்த மனிதர்கள் ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்தித் தைக்கிறார்கள்.

அடிப்புறத்தில் சங்கிலிக் கண்ணிகளைப் போன்ற வரிகள் ஓடுகின்றன. புதுப்பனியில் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அந்தச் சங்கிலி அப்படியே பதிந்திருக்கும். இந்த வரிகள் ஆழம் குறைந்தவை என்பதால் சேறு அவற்றில் அப்பிக்கொண்டு நிற்பதில்லை. இரண்டு தட்டு தட்டினால் உதிர்ந்துவிடும். பாதத்தின் நடுப்பகுதியைத் தாங்க உள்ளே ஓர் எஃகுத் தகடு வைக்கப்பட்டிருக்கிறது. குதிகாலுக்கு மேலே பின்புறத் தோலைப் பிளந்து அமைத்திருப்பது, குதிநரம்பில் உராய்வு ஏற்படாமலிருக்க பீன் ஆரம்ப காலத்திலேயே செய்த மாற்றம். புது ஜோடி பின்புறம் கடிப்பது குறைவு என்றால் அதற்கு இதுவே காரணம்.

ரப்பர் மெல்லியது. ஆகவே சுள்ளி ஒன்றின் மேல் கால் பட்டால் அது முறிவதற்கு முன்பே பாதத்துக்குத் தெரிந்துவிடும். மானுக்குச் சத்தம் கேட்காமல் நடக்க வேண்டிய ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மொக்கசின் என்னும் மென்தோல் காலணி போல இலகுவாகவும் கனத்த பூட்ஸ் போலப் பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும் என்று பீன் துண்டறிக்கையில் எழுதியதன் பொருள், காட்டுப் பாதையில் நூறடி நடந்தாலே விளங்கிவிடுகிறது. நான் வேட்டையாடுபவன் அல்லன். பறவை பார்ப்பதற்காகவும், மரங்களுக்கிடையே நடப்பதற்காகவும் அணிபவன். அந்த அமைதியான நடை எனக்கும் பயன்படுகிறது. பனி உருகி வழியெல்லாம் சகதியாகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், மெய்ன் உள்ளிட்ட வடகிழக்கு அமெரிக்க மாநிலங்களான நியூ இங்கிலாந்தின் மக்கள் சேற்றுக்காலம் என்றே பெயரிட்டு அழைக்கும் அந்த வாரங்களில், என் காலில் வேறு எதுவும் ஏறுவதில்லை.

இதே மெல்லிய ரப்பர்தான் இதன் குறைகளுக்கும் மூலம். நகரத்து சிமெண்ட் நடைபாதையில் நாள் முழுவதும் நடப்பவருக்குப் பாதம் வலிக்கும். உள்ளே வைத்திருக்கும் தாங்கு போதாது. உள்ளுறை இல்லாத அடிப்படை வகை குளிரைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதே அன்று. நீரைத் தடுப்பது வேறு, குளிரைத் தடுப்பது வேறு என்பதைப் பலர் உணராமல், கடும் உறைபனியில் இதைப் போட்டுக்கொண்டு பேருந்துக்காக நின்று, விரல் மரத்துப்போனதாகக் குறை சொல்வதைப் பார்க்கிறேன். பீன் காட்டில் நின்றவர் அல்லர், நடந்தவர். நடக்கும் காலுக்குக் கம்பளிக் காலுறையின் வெப்பமே போதுமானது. நிற்பவர்களுக்காக, குளிரைத் தடுக்கும் தின்சுலேட், நீரைத் தடுக்கும் கோர்டெக்ஸ் ஆகிய உள்ளுறைகள் வைத்த வகைகளும், ஆட்டுரோமம் வைத்த வகைகளும் இன்று கிடைக்கின்றன. சரிவான பளிங்குப் பனிக்கட்டியின் மீது இந்தச் சங்கிலி வரிகளை நம்பி இறங்க வேண்டாம். அதற்கு முள் பொருத்திய பட்டைகள் தேவை. மலையேற்றத்துக்கு, அதிலும் முதுகில் பாரத்தோடு பாறைகளில் ஏறுவதற்கு, இது துளியும் உதவாது. கோடை வெயிலிலும் அப்படியே: ரப்பருக்குள் கால் வியர்த்து, வெளியிலிருந்து வராத ஈரம் உள்ளிருந்தே வந்துவிடும். தோல் பகுதியில் சாலை உப்பு படிந்தால் வெண்கறை தங்கும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, பருவத்துக்கொருமுறை மெழுகோ தோல் எண்ணெயோ பூச வேண்டும். அடுப்பருகில் வைத்து உலர்த்தினால் தோல் விறைத்து வெடிக்கும். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் வைப்பதே சரி.

இந்த நிறுவனத்தின் சேவைகளில் நான் மிக உயர்வாக மதிப்பது பழுதுபார்ப்பு. ரப்பர் தேய்ந்து போனால் காலணியை அனுப்பிவைக்கலாம்; கட்டணம் பெற்றுக்கொண்டு, பழைய தோலை அப்படியே வைத்துப் புது அடிப்பாகத்தைத் தைத்துக் கொடுக்கிறார்கள். பீன் தம் காலத்திலேயே தொடங்கிய வழக்கம் இது. ரப்பர் தேயும், தோல் தேயாது. அதோடு ஒருவருடைய காலின் வடிவத்துக்குப் பழகி மடிந்த தோல் எந்தப் புதுக் காலணியிலும் கிடைக்காது. அடிப்பாகம் மாற்றி வந்த ஜோடியை அணியும்போது, கணுக்காலில் பழைய மடிப்பும் பாதத்தில் புதிய பிடிப்புமாக இருக்கும் அந்தச் சுகத்தை அனுபவித்தவர்கள் புது ஜோடி வாங்க அவசரப்படமாட்டார்கள். விற்பனையைக் குறைக்கும் ஒரு சேவையை ஒரு வணிக நிறுவனம் இத்தனை காலம் விடாமல் நடத்துவதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

உத்தரவாதத்தைப் பற்றி அதே அளவு பாராட்ட முடியாத நிலை இப்போது உள்ளது. எப்போது வாங்கியிருந்தாலும் திருப்தி இல்லையென்றால் திருப்பித் தரலாம் என்ற பழைய வாக்குறுதியை 2018 பிப்ரவரியில் நிறுவனம் ஓராண்டாகச் சுருக்கியது. வாங்கியதற்கான சான்றும் வேண்டும். ஓராண்டுக்குப் பிறகு, தயாரிப்புக் குறை இருந்தால் மட்டுமே பரிசீலிக்கிறார்கள். வேறொருவர் வீட்டு வாசலில் விலைக்குப் போட்ட பழைய பொருள்களை வாங்கிவந்து புதியதாக மாற்றிக்கொண்டவர்களும், பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்ததைக் குறைபாடென்று கொண்டுவந்தவர்களும் பெருகியதே காரணம் என்றும், முந்தைய ஐந்தாண்டுகளில் இதனால் 25 கோடி டாலர் செலவானது என்றும் நிறுவனம் விளக்கியது. அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. வேட்டைக்காரன் ஒருவன் இன்னொரு வேட்டைக்காரனுக்குக் கொடுத்த வாக்கு அது. இருவருக்கும் காலணி எப்போது உழைத்து முடிந்தது என்பது தெரியும். அந்த நம்பிக்கையைச் சிலர் சுரண்டியதற்காக எல்லோரும் அதை இழந்தது வருத்தமளிக்கிறது. ஆனாலும் கட்டணப் பழுதுபார்ப்பு நீடிக்கும் வரை, பூட்ஸ் வாங்குபவருக்கு உண்மையான இழப்பு சிறிது என்றே சொல்வேன்.

ஃப்ரீபோர்ட்டில் உள்ள தலைமைக் கடையையும் பார்க்க வாய்த்தவர்கள் பார்க்க வேண்டும். வாசலில் ஆளுயரத்தைப் பல மடங்கு மிஞ்சும் ஒரு பூட்ஸ் சிலை நிற்கிறது. படமெடுப்பவர்கள் கூட்டம் குறைவதே இல்லை. காட்டுக்குப் போகும் வழியில் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வேட்டைக்காரர்கள் கதவைத் தட்டியதால், முதலில் ஓர் இரவு மணியைப் பொருத்திய பீன், 1951இல் கடையை நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் திறந்தே வைத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. அதற்குப் பின் அந்தக் கதவுகள் மூடப்பட்ட சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணலாம்: ஞாயிற்றுக்கிழமை வணிகத் தடைச் சட்டத்தின்போது, குடியரசுத் தலைவர் கென்னடி கொல்லப்பட்டபோது, 1967இல் பீனின் இறுதிச் சடங்கின்போது, அவருக்குப் பின் நிறுவனத்தை வளர்த்த பேரன் லியோன் கோர்மனின் நினைவாக 2015இல் சில மணி நேரம், 2020இல் கொரோனா பெருந்தொற்றின்போது. கூட்டம் குறைந்த பின்னிரவில் போவது நல்லது. காலணிப் பிரிவில் பணியாளர்கள் பொறுமையாக அளவெடுத்து, எந்தக் காலுறையோடு அணியப் போகிறீர்கள் என்று கேட்டே ஜோடியை எடுத்துத் தருகிறார்கள். அதே கடையின் உடைப்பிரிவோ நாகரிகத்தின் பின்னால் போகும் எந்தப் பெரிய கடையையும் போல ஆகிவிட்டது. பீன் அணிந்து சோதித்த சரக்கு என்ற உணர்வு அங்கே வருவதில்லை.

அவர் சோதித்தது வெறும் விளம்பரச் சொல்லன்று. அஞ்சல் விற்பனைக்காக அவர் வெளியிட்ட கேட்லாகில் வரும் மீன்பிடிப் பொருள்கள், முகாம் பொருள்கள், கத்திகள், கம்பளிச் சட்டைகள் ஆகியவற்றைத் தாமே எடுத்துக்கொண்டு ஆற்றுக்கும் காட்டுக்கும் போய், பிடித்ததை மட்டும் விற்றார். விவரக் குறிப்புகளையும் தாமே சுருக்கமாக, நேருக்கு நேர் பேசுவதுபோல எழுதினார். ஆர்க்டிக் பயணி டொனால்ட் மக்மிலன் தம் குழுவுக்கு இந்தக் காலணிகளை எடுத்துச் சென்றார். 1937இல் ஆண்டு விற்பனை பத்து லட்சம் டாலரை எட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் காலணி பற்றி அவரிடம் ஆலோசனை கேட்டது. 1944இல் உறைபனிக் கட்டிகளைச் சுமப்பதற்கென்று அவர் விற்ற தடித்த கான்வாஸ் பை, இன்று உலகெங்கும் கடைப்பையாகத் தோளில் தொங்குகிறது. இவ்வளவுக்குப் பிறகும் தொழிலைப் பெருக்கச் சொன்னவர்களிடம், மூன்று வேளை சாப்பிடுகிறேன், நான்காவது வேளை சாப்பிட முடியாதே என்று அவர் மறுத்ததாகச் சொல்வார்கள். வேட்டைப் பருவம் வந்தால் காட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகவே தொழில் செய்தவர் அவர் என்று நான் புரிந்துகொள்கிறேன். 1967 பிப்ரவரியில், குளிர்காலத்தைக் கழிக்கச் சென்ற ஃபுளோரிடாவில் அவர் காலமானபோது, கடிதங்கள் குவிந்தன. அவற்றை எழுதியவர்களில் பலர் அஞ்சல் வழியாக மட்டுமே அவரை அறிந்தவர்கள்.

2014ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கல்லூரி மாணவர்களிடையே இந்த பூட்ஸ் திடீரென்று நாகரிகமாகி, காத்திருப்போர் பட்டியல் மாதக்கணக்கில் நீண்டது. கையால் தைப்பதை விட்டுவிடாமல் ஆள்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து நிறுவனம் அதைச் சமாளித்தது. ஆகவே விரும்பிய வகை வேண்டுமென்றால் இலையுதிர்காலத்துக்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது. பனி விழத் தொடங்கிய பிறகு பொதுவான அளவுகள் முதலில் தீர்ந்துவிடும்.

வாங்க முடிவு செய்தவர்களுக்கு அளவு பற்றிச் சில சொற்கள். ஆறங்குலம், எட்டங்குலம், பத்தங்குலம் ஆகிய உயரங்களில் எட்டங்குலமே பெரும்பாலோருக்குப் பொருந்தும்; ஆறங்குலத்தில் ஆழமான பனி மேலே வழிந்து உள்ளே புகும், பத்தங்குலத்தை அன்றாடம் கட்டி அவிழ்ப்பது சிரமம். அரை அளவுகள் கிடையாது. உங்களுடையது அரை அளவு என்றால் கீழே உள்ள முழு அளவை எடுங்கள். மெல்லிய காலுறை மட்டுமே அணிபவர் வழக்கமான அளவைவிட ஒரு முழு அளவு குறைத்தும், தடித்த கம்பளிக் காலுறை அணிபவர் வழக்கமான அளவையும் எடுப்பது பொருந்தும். கடைக்குப் போவதானால், குளிர்காலத்தில் அணியப்போகும் அந்தக் காலுறையையே கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். லேஸை இறுக்கிக் கட்டி, குதிகால் மேலெழாமல் இருக்கிறதா என்று நாலு படி ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.